ரயிலில் வைத்த பொட்டு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். ஒன்றைச் சொல்ல வந்து வேறொன்றுக்குப் போய்விடுவேன். பாதி மறந்தும் போயிற்று. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் பேங்குக்குப் போயிருந்தேன். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் ஏசி குளிரும் ஃபினாயில் வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. அப்படியே நின்றுவிட்டேன். கும்மிடிப்பூண்டியில் நான் பெருக்கித் துடைத்த கம்பெனியில் இதே வாசனையோடு ஓர் அறை இருந்தது. கம்ப்யூட்டர் ரூம். செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போவார்கள். இரண்டு பெண்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு தட்டிக்கொண்டிருப்பார்கள். நான் ஓரமாகத் துடைத்துவிட்டு ஓடி வந்துவிடுவேன். ஈரத்துணி ஒயரில் பட்டால் கம்பெனியே எரிந்துபோகும் என்று நினைப்பு. சிரிக்காதீர்கள்.

அதை வீட்டில் சொல்லிச் சொல்லித்தான் என் மகள் மலருக்குக் கம்ப்யூட்டர் ஆசை வந்திருக்க வேண்டும். அவள் பன்னிரண்டாவது முடித்த வருஷம், சர்ச்சில் பூசை முடிந்ததும் பாதர் கேட்டார்: "சிஸ்டருங்க காலேஜ்ல நம்ம கோயில் பிள்ளைங்களுக்குன்னு கம்ப்யூட்டர் படிப்புல எடம் வச்சிருக்காங்க. யாரு போறீங்க?" காலனிப் பெண்கள் எல்லாம் வேலைக்கு ஏற்றிப்போகிற கம்பெனி வேனுக்குப் பேர் கொடுத்திருந்தார்கள். இவள் மட்டும் எழுந்து நின்றாள். நான் அவள் கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசைக்குப் போகிறவர்கள். சாதி சர்டிபிகேட்டில் இந்து எஸ்.சி. எங்கள் தெருவில் பாதி வீடு அப்படித்தான். பூசைக்குப் போவது தெரிந்தால் சர்டிபிகேட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள், பிள்ளைகளின் சலுகையெல்லாம் போய்விடும் என்று பயம். அதனால் மேஜைக்குப் பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும் எந்த இடத்துக்குப் போனாலும் பொட்டு வைத்துக்கொண்டு போவோம். என் பர்சில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை எப்போதும் இருக்கும்.

காலேஜில் சேரக் கூப்பிட்ட அன்றைக்கும் அதே பழக்கம்தான். ரயில் பொன்னேரி தாண்டியதும் மலரின் கழுத்திலிருந்த சிலுவைச் செயினைக் கழற்றி என் முந்தானையில் முடிந்துகொண்டேன். அவள் நெற்றியில் பொட்டை ஒட்டினேன்.

"இன்னாம்மா பண்ற? அது சிஸ்டருங்க காலேஜு."

"நீ கம்முனு இரு. ஆபீஸுன்னா ஆபீஸுதான்."

"அப்ப கோயில் பிள்ளன்னு பாதர் குடுத்த லெட்டருக்கும் ஒரு பொட்டு வச்சிடு."

கேலி பேசினாளே தவிர எடுத்துப் போடவில்லை.

மேஜைக்குப் பின்னால் ஒரு வயதான சிஸ்டர். பாதரின் கடிதத்தைப் படித்தார். மலரின் நெற்றியைப் பார்த்தார். மறுபடியும் கடிதத்தைப் பார்த்தார்.

"இது யாருக்கு வாங்கின லெட்டர்? கோயில் பிள்ளைங்க இடத்தை வேற யாருக்கும் குடுக்க முடியாதும்மா."

அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கே விளங்கியது. இந்த இடம் போனால் நாளைக்கே இவளும் வேனில் ஏற வேண்டியதுதான், அதுவும் என்னால். முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். செயின் நழுவித் தரையில் விழுந்தது.

மலர் குனிந்து எடுத்தாள். "எங்கம்மாதான் வச்சாங்க சிஸ்டர். எந்த ஆபீசுக்குப் போனாலும் வைப்பாங்க. பயம்."

சிஸ்டர் செயினைப் பார்த்தார். பிறகு அவளிடம், "கம்ப்யூட்டர் எதுக்கு?" என்றார்.

"எங்கம்மா வேல செய்ற கம்பெனில ஒரு கம்ப்யூட்டர் ரூம் இருக்குது சிஸ்டர். அம்மா அதுல தரைய மட்டுந்தான் பாத்துக்கினு வந்துருக்காங்க. மேல இன்னா இருக்குதுன்னு நான் பாக்கணும்."

சிஸ்டர் பேனாவைத் திறந்தார். "சாதி சர்டிபிகேட்டை இங்க யாரும் கேக்கல. இந்த லெட்டர் என் அலமாரியைத் தாண்டாது, பயப்படாதீங்க" என்றார்.

மலருக்கு இப்போது சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. லீவு நாளில் காலனிக்கு வந்து பெண்களைக் கூட்டிவைத்து, நீங்களும் படிக்கலாம் என்று பேசுகிறாள். அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள், இப்போது கொடவுன். சிஸ்டரும் இல்லை. செருப்பை வெளியே விட்டு நுழைகிற கம்ப்யூட்டர் ரூமை இனி எங்கேயும் பார்க்க முடியாது. மலர் படுக்கையில் சாய்ந்துகொண்டே தட்டுகிறாள். இன்றைக்கும் அவள் ஏதாவது ஃபாரம் நிரப்பினால், மதம் என்கிற இடத்தில் என்ன எழுதினாள் என்றுதான் நான் முதலில் கேட்கிறேன்.

அப்போது ரயில் பொன்னேரியைத் தாண்டியிருந்ததா, மீஞ்சூரையா, சரியாக நினைவில்லை. தெரிந்தவர்கள் திருத்துங்கள். அதைவிட முக்கியம், நான் இதை எழுதியதால் எங்கள் தெருப் பிள்ளைகளின் சர்டிபிகேட்டுக்கு ஏதாவது வருமா என்று விவரம் தெரிந்த யாராவது பார்த்துச் சொல்லுங்கள். வரும் என்றால் அந்த இடத்தை மட்டும் அடித்துவிடுங்கள்.