நான்கு பேருக்கு ஐந்து பகடை

இதை எப்போது சொன்னாலும் என் கணவர் சிரிப்பார். சிரிக்கட்டும். அன்றைக்கு மடுல்சீமையில் அந்தக் குவார்ட்டஸில் இருந்தது அவர் இல்லை, நான். என்னோடு இருந்த ஜெயலெட்சுமி டீச்சர் இன்றைக்கும் பதுளையில்தான் படிப்பிக்கிறார். நம்பாதவர்கள் அவரிடம் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் பதில் கிடைக்காது. பேச்சை மாற்றிவிடுவார்.

2003, நவம்பர். என் பெயர் பிரசாந்தினி. ஹாலிஎலயில் வளர்ந்தவள். அந்த வருடம்தான் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குக் கணிதம் படிப்பிக்கப் போயிருந்தேன். எனக்கும் ஜெயா டீச்சருக்கும் குவார்ட்டஸாகத் தங்கத் தோட்டத்தில் ஒரு பழைய கட்டடத்தைக் கொடுத்திருந்தார்கள். தடித்த கல் சுவர், உயரமான கூரை. உள்ளறையில் எங்கள் இரண்டு பேரின் கட்டில்களும். முன்னறையில் என் கம்ப்யூட்டர்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு கேம் இருந்தது. பேராதனையில் படிக்கும்போது பர்ஸானா, நபீலா, லதுஷா, நான் என நாலு பேரும் ஹொஸ்டல் மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடிய விளையாட்டுத்தான் அது. ஒருத்தி கதை சொல்லுவாள். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆட்கள். ஒருத்தி வாள்வீரி, ஒருத்தி மந்திரக்காரி, ஒருத்தி திருடி. அடி விழுமா, கதவு திறக்குமா, விஷம் ஏறுமா என்பதையெல்லாம் இருபது முகப் பகடை ஒன்றுதான் தீர்மானிக்கும். அதைத்தான் பிறகு கம்ப்யூட்டர் கேமாகச் செய்திருந்தார்கள். கதையையும் அதுவே சொல்லும், பகடையையும் அதுவே உருட்டும். விழுந்த எண்கள் திரையின் அடியில் வரி வரியாக வரும். என் குழுவில் நாலு பேர். எங்கள் நாலு பேருடைய பெயர்களையும் வைத்திருந்தேன்.

அந்த வாரம் எதைத் தொட்டாலும் எரிச்சல். விடாத மழை. ரோட்டில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. வீட்டுக்குப் போக வழியில்லை. ஜெயா டீச்சருக்குக் காய்ச்சல் வேறு. தோட்டத்து டிஸ்பென்சர் வீரசிங்கம் ஐயா வந்து பார்த்து மருந்து கொடுத்தார்.

"இரவைக்குக் குறையாட்டில் சொல்லி அனுப்புங்கோ, பிள்ளை" என்றார்.

பின்னேரம் நாலரை மணியிருக்கும். ஜெயா டீச்சர் தூங்கிவிட்டார். வெளியே மூடுபனி ஜன்னலை அடைத்திருந்தது. நான் கேமைப் போட்டேன்.

ஒரு குகைச் சண்டையில் மூன்று நாளாக மாட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஒருவழியாக ஜெயித்தேன். ஆனால் நாலு பேரும் குற்றுயிர். இந்தக் கேமில் காயம் ஆற வேண்டுமானால் ஆட்களைத் தூங்க வைக்க வேண்டும். தூங்கும் பட்டனை அழுத்தினேன்.

'இங்கே ஓய்வெடுக்க முடியாது. அருகில் எதிரிகள்.'

குகை முழுக்கத் தேடினேன். எல்லாம் செத்துக் கிடந்தன. ஒரு எலிகூட இல்லை. திரும்ப அழுத்தினேன். அதே வரி. பல்லைக் கடித்துக்கொண்டு நாலு பேரையும் நடத்தி ஊருக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு சத்திரம் உண்டு. சத்திரத்தில் எப்போதும் தூங்கலாம். அது கேமின் விதி.

'கட்டில் காலியில்லை.'

இப்படி ஒரு வரியை நான் அதுவரை கண்டதில்லை. பண்டாரவளையில் வாங்கிய திருட்டுக் கொப்பி சீடி. அதுதான் பிழை என்று நினைத்தேன். கேமை மூடித் திறந்தேன். அதே வரி. முன்பு சேமித்து வைத்திருந்த பழைய சேவிலிருந்து தொடங்கினேன். அதே வரி. மவுஸை மேசையில் ஓங்கி அடித்தேன்.

அப்போதுதான் அடியில் பகடை எண்கள் ஓடுவதைக் கவனித்தேன். நோயை எதிர்க்கும் சோதனை. என் ஆட்கள் யாருக்கும் நோய் இல்லை. பர்ஸானா, பதினாலு, வெற்றி. நபீலா, பதினொன்று, வெற்றி. லதுஷா, பதினேழு, வெற்றி. பிரசாந்தினி, பன்னிரண்டு, வெற்றி.

அதற்குக் கீழே இன்னொரு வரி...

பெயர் இல்லை. மூன்று. தோல்வி.

நாலு பேருக்கு எதற்கு ஐந்து பகடை? மறுபடி லோட் பண்ணினேன். ஐந்தாவது வரி வந்தது. இரண்டு. தோல்வி. மறுபடி. மறுபடியும் தோல்வி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பயத்தில் இல்லை, கோபத்தில்.

உள்ளறையில் ஜெயா டீச்சர் ஏதோ சொன்னார்.

"என்ன டீச்சர்?" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, மரியாதையாக...

"இதுக்கு மேல எடமில்லைங்க."

என்னிடம் பேசும் குரல் இல்லை அது.

காய்ச்சல் பிதற்றல் என்று சொல்லிக்கொண்டேன். திரையைப் பார்த்தேன். ஐந்தாவது வரி. ஒன்று. தோல்வி.

எழுந்து உள்ளே போனேன்.

ஜெயா டீச்சர் சுவரோடு சுவராக ஒட்டிப் படுத்திருந்தார். ஒருக்களித்து, கைகளை மடக்கி, முகம் கல்லில் அழுந்த. கட்டிலின் மறுபாதி காலி. ஆனால் போர்வை அவர் மேல் இல்லை. அந்தக் காலிப் பாதியின் மேல் இருந்தது. கழுத்துவரை போர்த்திவிட்டது போல.

"ஏன் டீச்சர் இப்படிப் படுத்திருக்கிறீங்க?"

கண்ணைத் திறக்கவில்லை.

"தள்ளிப் படுக்கச் சொல்றாங்க."

"யாரு?"

"தெரியல. பாவம்... அவங்களுக்கும் காய்ச்சல்."

அவர் நெற்றியைத் தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது.

கை தவறி அந்தக் காலிப் பாதியில் பட்டது.

கொதித்தது.

முன்னறையில் பகடைச் சத்தம். கட... கட... கட... நான் எதையும் அழுத்தவில்லை. அது தானாக உருண்டுகொண்டிருந்தது.

ஜெயா டீச்சரின் தோளைப் பிடித்து இழுத்தேன். வந்தார். குளிருக்குப் போர்த்திவிடப் போர்வையை இழுத்தேன்.

வரவில்லை.

யாரோ அதை இறுகப் போர்த்திப் படுத்திருக்கும்போது இழுத்தால் எப்படி இருக்கும்... அப்படி.

விட்டுவிட்டேன்.

அவரைத் தாங்கிக்கொண்டு முன்னறையைக் கடந்தேன். சத்தம் நின்றிருந்தது. பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். பார்த்துவிட்டேன்.

'ஓய்வு தொடங்கியது.'

மழையில் எப்படி இறங்கினோம் என்று தெரியாது. கீழே வீரசிங்கம் ஐயாவின் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் மனைவி கமலாம்பிகை அக்கா ஒன்றும் கேட்காமல் தலை துவட்டத் துணி தந்தார். கட்டிலைக் காட்டியபோது ஜெயா டீச்சர் வேண்டாம் என்று தலையசைத்தார். பாயில்தான் படுத்தார். அதுவும் அறையின் நடுவில். விடியும்போது காய்ச்சல் இல்லை.

நாங்கள் அந்தக் குவார்ட்டஸுக்குத் திரும்பிப் போகவில்லை. சாமான்களை ஐயாதான் ஆள் விட்டு எடுத்துத் தந்தார். ஹாலிஎலயில் வீட்டில் வைத்து ஒரு நாள் அந்தக் கேமைப் போட்டேன். அதே சேவ், அதே சத்திரம். பட்டனை அழுத்தியதும் நாலு பேரும் தூங்கினார்கள். நாலு வரிதான் வந்தது. எவ்வளவு தேடியும் அந்தக் கட்டில் வரி மறுபடி வரவேயில்லை. அதற்காகவும் எரிச்சல்பட்டேன் என்றால் பாருங்கள்.

ஐந்து வருடம் கழித்துப் பதுளை பஸ் ஸ்டாண்டில் வீரசிங்கம் ஐயாவைக் கண்டேன். ஓய்வு பெற்றிருந்தார். அன்றைக்கு நடந்ததை அப்போதுதான் அவரிடம் முழுதாகச் சொன்னேன். அவர் குடையை என் பக்கமாகச் சரித்தார்.

"நீங்கள் அங்கை இருக்கேக்கை நான் சொல்லேல்லை, பிள்ளை. பயப்பிடுவியள் எண்டு. அது வெள்ளைக்காரன்ரை காலத்திலை தோட்டத்து ஆஸ்பத்திரி. ஒரு வருஷம் காய்ச்சல் பரவி, லயத்திலை இருந்த கூலிச் சனம் முழுக்க அங்கைதான் கிடந்ததாம். கட்டில் காணாது. ஒரு கட்டிலிலை ரெண்டு பேராய்ப் படுக்க விட்டவையாம்."

"பிறகு?"

"விடிய ஒராள்தான் எழும்புமாம்."

பஸ் வந்துவிட்டது. அவர் குடையை மடக்கிக்கொண்டு ஏறினார். படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"செத்தது எப்பவும் சுவர்ப் பக்கம் படுத்த ஆள்தானாம்."