சொட்டக்காவும் ஓரகத்தியும்

சொட்டுச் சொட்டாக அமிலம் விடும் ப்யூரெட்டின் நுனியில் தொங்கும் அரைச் சொட்டை அவள் தானாக விழ விடுவதில்லை. குடுவையின் உள்பக்கத்தில் ஒற்றியெடுத்து, துளித் தண்ணீர் பீய்ச்சி உள்ளே இறக்குவாள். பச்சை கலைந்து இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும். "போதும், நில்லு" என்று அமிலத்தை அதட்டியபடியே திருகை மூடுவாள். மாட்டுத் தீவன ஆய்வகத்தில் அவளுக்குச் 'சொட்டக்கா' என்று பெயர்.

தவிடோ புண்ணாக்கோ, எது வந்தாலும் முதலில் கொதிக்கும் அமிலத்தில் கரைப்பாள். பிறகு காரம் சேர்த்துக் காய்ச்சினால் புரதத்திலிருந்த நைட்ரஜன் அம்மோனியாவாகிக் கிளம்பும். கண்ணாடிக் குழாய் வழியே இறங்கி, கீழே குடுவையிலிருக்கும் போரிக் அமிலத்தில் மாட்டிக்கொள்ளும். மாட்டியது எவ்வளவு என்று சொட்டுச் சொட்டாக அளந்தால் புரதத்தின் அளவு தெரிந்துவிடும்.

பதினாறு வருஷமாக அறிக்கையில் விழுவது அவள் கையெழுத்துதான். இப்போது அதற்கும் பங்காளி வந்துவிட்டாள், அதுவும் வீட்டுக்குள்ளிருந்தே: கொழுந்தனின் மனைவி. வீட்டில் மாமியார் சின்னவளின் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தால் காது கேளாதவள் போல் இருந்துவிடலாம். இங்கே முடியுமா? சின்னவள் ஒரே மாதிரியை இரண்டு தடவை செய்தால் இரண்டும் இம்மி பிசகாமல் ஒத்துப்போகின்றன.

"ரெண்டும் ஒண்ணாவே வருதே, எப்படிடி?"

"உங்களப் பாத்துக் கத்துக்கிட்டதுதான்க்கா."

அந்தப் பணிவில்தான் சொட்டக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

இன்று மேலாளர், புரத அளவு தனக்கு மட்டுமே தெரிந்த தீவன மாதிரி ஒன்றை இருவருக்கும் கொடுத்திருந்தார். "யாருக்குச் சரியா வருதோ அவங்கதான் நாளையிலேர்ந்து கையெழுத்து போடணும்." சொட்டக்கா தன்னுடையதை முடித்துவிட்டாள். சின்னவள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு ஃபோன் பேச வெளியே போயிருந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சலாம்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. சின்னவளின் குழாய் நுனி கீழ்க் குடுவையின் அமிலத்தில் முங்கவில்லை. ஒரு விரற்கடை மேலே நின்றது. இன்னும் கொதி வரவில்லை. வந்தால் அம்மோனியா பாதி காற்றோடு போகும், அளவு குறையும், கையெழுத்து இவளிடமே தங்கும். ஒன்றும் செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. முழுசாக ஒரு நிமிஷம் இருந்தது. அடுப்பு மேலிருந்த குடுவையில் முதல் குமிழி கிளம்பியது.

"மூதேவி, இதக்கூட பாக்காம போயிருக்கா பாரு!"

பல்லைக் கடித்துக்கொண்டு, தன் குடுவைக்கடியிலிருந்த மரக்கட்டையை உருவினாள். சின்னவளின் கீழ்க் குடுவையைத் தூக்கி அடியில் செருகினாள். நுனி முங்கியது. வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பதிந்திருந்த தன் விரல் ரேகையைக் கோட்டு நுனியால் அவசர அவசரமாகத் துடைத்தாள்.