கிண்ணியாவில் விழுந்த புள்ளடிகள்

கிண்ணியாவில் எனக்கு இத்தனை எதிரிகள் இருப்பார்கள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை. ஒஃபிசுக்கு வந்து கதிரையில் உட்காரவில்லை, கொழும்பிலிருந்து ட்ரங்க் கோல். பேசியவர் இந்தப் பத்திரிகையின் துணையாசிரியர். நல்ல மனிதர். கெட்ட செய்தியைக்கூட நலம் விசாரிப்பதுபோலத்தான் சொல்வார்.

"கூப்பன் எண்ணிக்கொண்டிருக்கிறம். கிண்ணியாவில ஆரோடயும் பிரச்சினைப்பட்டனீங்களோ?"

"இல்லையே. ஏன்?"

"அங்கயிருந்து கட்டுக்கட்டா வந்திருக்கு. எல்லாத்திலயும் மற்றக் கதையளை விட்டிட்டு உங்கட கதையை மட்டும் வெட்டியிருக்கு."

விஷயம் உங்களுக்குத் தெரியும். இந்த வருடம் பத்திரிகையில் வந்த ஐந்து தொடர்கதைகளில் சிறந்ததை வாசகர்களே தெரிவு செய்யலாம், வெல்லும் கதை புத்தகமாகும் என்று அறிவித்தார்கள். கூப்பனில் ஐந்து பெயர்கள். பிடித்ததை விட்டு மற்றவற்றைக் கோடு போட்டு வெட்டி அனுப்ப வேண்டும். ஐந்தில் ஒன்று என் மர்ம நாவல் 'ஏழாவது தாங்கி' — சீனன்குடா எண்ணெய்த் தாங்கிக்குள் ஒரு பிணம் கிடக்குமே, அதுதான். (உள்ளே யார் விடுகிறார்கள்? வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தே முழுக் கதையையும் எழுதினேன்.)

போன மாதம் இதே பத்தியில் வெட்கத்தை விட்டு உங்களிடம் வாக்குக் கேட்டேன். ஏன் கேட்டேன்? எத்தனையோ வருடமாக எழுதுகிறேன், என் பெயர் போட்ட ஒரு புத்தகம்கூட இல்லை. மர்மக் கதைதானே என்று பதிப்பகத்தார் சிரித்து அனுப்பிவிடுவார்கள். என் எழுத்து வாரா வாரம் வருகிறது, அடுத்த வாரம் கடலைப் பொட்டலம் சுற்றப் போய்விடுகிறது. ஒரே ஒரு தடவை அட்டை போட்ட புத்தகமாக அதைக் கையில் பிடித்துப் பார்க்க ஆசை. அவ்வளவுதான்.

அந்த ஆசையில் கிண்ணியா மண்ணள்ளிப் போட்டுவிட்டது. ஏன்?

துப்பறியும் கதை எழுதுகிறவனுக்குக் காரணம் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? கடைசி அத்தியாயத்தில் கொலைகாரன் யார்? பாதைக்காரன். வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் பக்கத்தில் பாதை என்றால் வீதி இல்லை. பஸ்ஸையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு கிண்ணியாவுக்குத் தண்ணீரைக் கடக்கிற மிதவை. அதில் வேலை செய்கிறவனைக் கொலைகாரனாக்கினால் ஊர் சும்மா இருக்குமா? வழக்கு முடிந்தது. மன்னிப்புக் கேட்பதுதான் மரியாதை.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் புறப்பட்டேன். பாதையில் ஏறியதும் அதைச் செலுத்துகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க கதை எழுதுற ஆள்தானே?"

"ஓம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு மறுபக்கம் போய் நின்றுகொண்டேன். எனக்கு நீச்சல் தெரியாது.

அக்கரையில் இறங்கியதும் அலியார் காக்காவின் தேத்தண்ணிக் கடை. (அங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் அழைப்பார்கள்.) பாதைக்குக் காத்திருப்பவர்கள் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தால் யாராவது ஒருவர் தொடர்கதையை உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். என் முதல் வாசகர் கூட்டம் அதுதான். அங்கே போய்த்தான் தலைகுனிந்து நிற்க வேண்டும்.

காக்கா என்னைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாக எழுந்து வந்தார். "இரிங்க தம்பி. தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைப்பம்."

தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். "காக்கா, பாதைக்காரனைக் கொலைகாரனாக்கினது பிழைதான். அதுக்காக ஊரே கோவிக்கிறதோ?"

"ஆரு கோவிச்ச? எங்கட ஆளையும் கதையில போட்டிருக்கு எண்டு பாதையில உள்ளவங்க பெருமையில திரியிறாங்க." காக்கா குரலைத் தாழ்த்தினார். "ஒங்கட கதை புத்தகமா வரணும் தம்பி. அதுக்குத்தான் ஊரெல்லாம் பேப்பர் வாங்க வச்சன். கூப்பனை வெட்டி எடுத்து, பாதைக்கு வாற ஆக்களிட்டக் குடுத்து, வேற ஒண்டிலயும் கை வைக்காம ஒங்கட கதைக்கு மட்டும் வடிவா ஒரு புள்ளடி போடுங்க எண்டு சொன்னன். அம்புட்டுப் பேரும் போட்டாங்க."

புள்ளடி! தேர்தல் சீட்டில், விரும்பிய சின்னத்துக்கு எதிரே நாம் போடுகிற அந்தப் பெருக்கல் குறி. கொழும்பில் இருந்தவர்கள் அதை வெட்டு என்று எண்ணிவிட்டார்கள்.

"என்ன தம்பி, முகம் ஒரு மாதிரியாப் போச்சு? புள்ளடி போதாதா?"

விஷயத்தைச் சொன்னேன். காக்கா ஒரு கூப்பனை எடுத்து மெதுவாக வாசித்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார். "வேணும் எண்ட ஆளுக்குத்தானே புள்ளடி போடுற? பாராளுமன்றத்துக்கும் அப்பிடித்தானே ஆள் அனுப்புறம்?"

நியாயமான கேள்வி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டால் அந்தக் குறி பிழை. வாக்குச்சாவடியில் நாம் போட்டால் அதுவே விருப்பம். வென்றவர்கள் பிறகு நடந்துகொள்கிற விதத்தைப் பார்த்தால், நாமும் வாத்தியார் கணக்கில்தான் போட்டோமோ என்று சிலவேளை தோன்றும்... அதை விடுங்கள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எதிரிகளைத் தேடிப் போன இடத்தில் எனக்காக வேலை மினக்கெட்டுத் திரிந்த மனிதரைக் கண்டால் வேறென்ன செய்யும்? இவ்வளவு பாசத்துக்கு என் கதை பெறுமதிதானா என்று கூச்சமாகவும் இருந்தது.

திரும்பி வந்து கொழும்புக்குக் கோல் எடுத்தேன். துணையாசிரியர் முதலில் சிரித்தார். பிறகு யோசித்தார். மற்ற ஊர்க் கூப்பன்களையும் எடுத்துப் பார்த்தால் அங்கேயும் இதே கதைதானாம். ஆசிரியர் எல்லோரையும் கூட்டிப் பேசி ஒரு முடிவு சொன்னார்: நாலை வெட்டியிருந்தால் மிஞ்சிய கதைக்கு வாக்கு. ஒன்றில் மட்டும் குறி இருந்தால் அது புள்ளடி, அந்தக் கதைக்கே வாக்கு. எந்தக் கதையானாலும் இதே சட்டம்.

எண்ணி முடித்தார்கள். 'ஏழாவது தாங்கி' அச்சுக்குப் போகிறது. கிண்ணியாவுக்கும், வாக்களித்த உங்கள் எல்லோருக்கும், தரையில் விழுந்து கும்பிடாத குறையாக என் நன்றி.

வீட்டுக்கு ஓடி வந்து மனைவியிடம் சொன்னேன். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இஞ்சருங்கோ, அப்ப உங்கட கதையை மட்டும் வெட்டினதெல்லாம் உங்களுக்கே வந்திட்டுதோ?"

"ஓம். ஏன்?"

"நானும் ஒரு கூப்பன் அனுப்பினனான். உங்கட கதையை மட்டும்தான் வெட்டினனான். ஆனா நான் போட்டது புள்ளடி இல்லை."

எனக்குப் கோபித்துக்கொள்ள ஏலவில்லை. "ஏனப்பா?" என்று மட்டும் கேட்டேன்.

"இது புத்தகமா வந்தா நீங்கள் அடுத்ததைத் தொடங்குவியள். பிறகு ஒரு வருசத்துக்கு எனக்கு மனுசன் இல்லை."

எனக்கு எதிராக மனமார விழுந்த அந்த ஒரேயொரு வாக்கையும் எனக்கே சேர்த்து எண்ணிவிட்டார்கள், பாவம்.