செம்பூரில் விற்காத மாவு

தாராவியில் தொண்ணூறடி சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இட்லி மாவு அரைத்து விற்கிறாள் அன்னத்தாய். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். கணவர் சுயம்புவுக்கு அம்பர்நாத்தில் தொழிற்சாலை வேலை. ஒரே ஒரு கிரைண்டரோடு அவள் தொடங்கியது இப்போது நாலு கிரைண்டர், ஏழு பெண்கள் என்று வளர்ந்திருக்கிறது. மாட்டுங்கா மெஸ்களுக்கும் குர்லா ஓட்டல்களுக்கும் மாவு டப்பாவில் மொத்தமாகப் போகும். பாக்கெட்டில் போவது செம்பூர்க் கடைகளுக்கு மட்டும். அந்த லைனைப் பதினோரு வருஷமாக ஸ்கூட்டரில் பார்த்துவந்தவன் பூலோகம்.

பிப்ரவரியில் குர்லாவில் ஒரு புது மாவுக் கம்பெனி கிளம்பியது. பளபளக்கும் பாக்கெட், போனைத் திறந்தால் விளம்பரம். அன்னத்தாய் பயந்துபோய், மார்க்கெட்டிங் ஆலோசனை சொல்லும் ஸ்ரீலேகாவைத் தேடி மாட்டுங்கா போனாள்.

"உங்க மாவு ஃபர்ஸ்ட் கிளாஸ் மேடம். கவர்தான் ரொம்பப் பழசு. சாதா பிளாஸ்டிக், சிவப்பு மையில 'அன்னத்தாய் மாவு'ன்னு பேரு. இதைப் பார்த்து யார் பிராண்டுன்னு நினைப்பா?" என்றாள் ஸ்ரீலேகா.

மார்ச்சில் புதுக் கவர் வந்தது. பால்வெள்ளை நிறம், நடுவில் வாழையிலை, மேலே 'அன்னம் ஃப்ரெஷ்' என்று புதுப் பெயர். கையில் வாங்கிப் பார்த்தபோது அன்னத்தாய்க்கே பெருமையாக இருந்தது. இன்ஸ்டாகிராமில் படம் போட்டார்கள். லைக் ஆயிரத்தைத் தாண்டியது.

ஆனால் செம்பூரில் தினமும் முந்நூறு பாக்கெட் போன இடத்தில் இருநூறுதான் போயிற்று. மே முதல் வாரத்தில் அது நூற்று நாற்பதாக இறங்கியது.

"ஆன்லைன்ல ரெஸ்பான்ஸ் நன்னா இருக்கே மேடம். பிராப்ளம் சப்ளைலதான் இருக்கணும். உங்க ஆள் ஒழுங்கா பண்றாரான்னு பாருங்கோ" என்றாள் ஸ்ரீலேகா.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு பூலோகம் செய்வதெல்லாம் கோணலாகத் தெரிந்தது. பத்து மணிக்குத் திரும்புகிறவன் பதினொன்றரைக்கு வந்தான். போன் வந்தால் சந்து முனைக்குப் போய்ப் பேசினான். ஒருநாள் அவன் ஸ்கூட்டர் பெட்டியில் பேர் அச்சடிக்காத வெற்றுக் கவர்கள் கட்டுக்கட்டாக இருப்பதை அவள் கண்ணாலேயே பார்த்துவிட்டாள்.

"இது என்னது பூலோகம்?"

"ஒண்ணுமில்லக்கா. கடைக்காரரு கேட்டாரு, வாங்கிட்டுப் போறேன்."

எந்தக் கடைக்காரர் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சுதாரித்துக்கொள்வான். குர்லாக்காரன் மாவைத் தன் கடைகளில் இவன்தான் இறக்குகிறான் என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டாள்.

"அவங்கிட்டயே நேரா கேட்டுரு" என்றார் சுயம்பு.

"கள்ளன் எங்கயாவது ஆமான்னு சொல்லுவானா?"

ஒரு வியாழக்கிழமை காலை ஆறரைக்குப் பூலோகம் கிளம்பினான். பத்து நிமிஷம் கழித்து அன்னத்தாயும் சயானில் ஒரு ஆட்டோ பிடித்தாள். அவனுடைய முதல் கடை செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் ராஜகுமாரின் மளிகைக் கடை. ராஜகுமாரோடு போனில் பேசுவாளே தவிர, ஆறேழு வருஷமாக அவள் அந்தப் பக்கம் போனதே இல்லை.

கடையின் பக்கவாட்டுச் சந்தில் ஸ்கூட்டர் நின்றது. பூலோகம் குத்தவைத்து உட்கார்ந்து, வெள்ளைப் பாக்கெட்டுகளைக் கத்தரியால் வெட்டி, மாவை வெற்றுக் கவர்களில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"என் மாவுல எதைக் கலக்குத? யாருக்காகப் பண்ணுத இதை?"

அவன் கை அப்படியே நின்றது. "கலக்குதேனா? ஒரு சொட்டு கலந்திருந்தா நான் வெளங்க மாட்டேங்க்கா. புதுக் கவர்ல ஒருத்தரும் எடுக்க மாட்டேங்காங்க. உள்ள இருக்கது தெரியலங்காங்க. கடைக்காரங்க போன் மேல போன் போடுதாங்க. அதான் மாத்திக் குடுக்கேன்."

அவள் நம்பவில்லை. சத்தம் கேட்டு ராஜகுமார் வந்தார். "அம்மா, நான் சொன்னாலும் நீங்க நம்ப மாட்டிய. ஒரு மணி நேரம் கடையில நின்னு பாருங்க. யாருன்னு மட்டும் சொல்லிராதிய" என்றார்.

கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றாள். ஒரு அம்மாள் வெள்ளைப் பாக்கெட்டை எடுத்து, அமுக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். "சாதா கவர் மாவு இருக்கா?" என்று கேட்டாள்.

அன்னத்தாயால் சும்மா இருக்க முடியவில்லை. "ஏன், இது நல்லா இருக்காதா?"

"இது நகலி, டூப்ளிகேட். பழைய கவர்ல மாவு எப்படிப் பொங்கியிருக்குன்னு கண்ணால பாத்து வாங்குவோம். இதுல என்ன தெரியுது? என்னத்தையோ மறைக்கத்தானே இப்படிக் கவர் போடுறாங்க?" அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "அந்த அன்னத்தாய் அம்மா செத்துப்போச்சாம். பிள்ளைங்க வியாபாரத்த யாருக்கோ வித்துட்டாங்களாம். அதான் பேரும் மாறிட்டுது."

"அப்படியா" என்று மட்டும் சொன்னாள் அன்னத்தாய்.

அந்த ஒரு மணி நேரத்தில் ஒன்பது பேர் வெள்ளைப் பாக்கெட்டைக் கையில் எடுத்தார்கள். ஏழு பேர் திரும்ப வைத்தார்கள். பூலோகம் ஊற்றிவைத்த கவர்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சந்துக்கு வந்து அவனைக் கேட்டாள்: "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன்லா. மார்ச்சுலயே ரெண்டு தடவ சொன்னேன். 'ஒனக்குப் புதுசு எதுவும் பிடிக்காது'ன்னு நீங்கதான் போன்ல லைக்கைக் காட்டுனிய."

சொன்னது ஞாபகம் வந்தது. ஆனாலும் அவள் விடவில்லை. "தேதி இல்லாத கவர்ல ஊத்திக் குடுத்திருக்க. யாருக்காவது வயிறு கெட்டா என்ன செய்வ?"

"அது தப்புதான். லைன் படுத்துரக் கூடாதுன்னு பண்ணிட்டேன்." பிறகு நிமிர்ந்து பார்த்தான். "நீங்க எப்படிக்கா இங்க வந்திய? என் பொறத்தாலயே வந்தியளா?"

அவன் கத்தரியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தான்.

அன்று மத்தியானமே மாட்டுங்காவுக்குப் போனாள். "நீ எத்தனை கடையில போய் நின்னு பாத்தே?" என்று ஸ்ரீலேகாவைக் கேட்டாள்.

ஸ்ரீலேகா மழுப்பவில்லை. "கடைக்குப் போகலை மேடம். ஆன்லைன்ல நாப்பது பேர்கிட்ட கேட்டேன். அதுல செம்பூர்க்காரா யாராவது இருந்தாளான்னுகூடப் பார்க்கலை."

மறுநாள் ஸ்ரீலேகாவே ராஜகுமார் கடையில் இரண்டு மணி நேரம் நின்றாள். புதிதாக வேறு கவர் வரைந்து தந்தாள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போல, பழைய சிவப்பு எழுத்தில் பழைய பெயர், பெரிதாகத் தேதி. மிச்சமிருந்த வெள்ளைக் கவர்கள் பழைய பிளாஸ்டிக் வாங்கும் இடத்துக்குத் தள்ளுவண்டியில் போயின.

கவர் மாறியதும் ஜனங்களின் சந்தேகம் போய்விடவில்லை. அன்னத்தாய் ஆறு நாள் கடை கடையாக நின்று, "நான்தான் அன்னத்தாய். சாகல" என்று சொன்னாள். சிலர் சிரித்தார்கள். ஒருத்தி ராஜகுமாரிடம், "இவங்கதான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். கணபதி பண்டிகை வருவதற்குள் விற்பனை இருநூற்றைம்பதுக்கு ஏறியது. மீதி ஐம்பது குர்லாக் கம்பெனியிடம் போனது போனதுதான்.

அதற்கு முன்பே, ஜூன் மாதத்தில், பூலோகம் அவள் கொடுத்திருந்த ஸ்கூட்டரின் சாவியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டிருந்தான்.

"சம்பளத்துக்கு இனி வரலக்கா. மாவை உங்ககிட்ட வாங்கி நானே விக்கேன். செம்பூர் லைன எனக்குக் குடுத்துருங்க."

"குர்லாக்காரன் மாவையும் சேத்து விப்பியோ?"

"விக்கணும்னு தோணிச்சுன்னா விப்பேன். ஆனா உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் விப்பேன். நீங்க பொறத்தால வர வேண்டியிருக்காது."

இரண்டு நாள் யோசித்தாள். அவன் கையில் லைன் போனால் திரும்பி வராது என்று ஒரு பயம். ஆனால் செம்பூரில் எந்த வீட்டில் எந்தக் கடை மாவு போகிறது என்று அவனைப் போல் தெரிந்தவர் வேறு யாருமில்லை. சரி என்று சொல்லிவிட்டாள்.

அவன் இன்றுவரை குர்லா மாவை எடுக்கவில்லை. லைனைப் பக்கத்துக் கோவண்டி வரைக்கும் நீட்டி, இடியாப்ப மாவும் அப்பளமும் சேர்த்து விற்கிறான். முன்பு போல் வீட்டுக் கதையெல்லாம் அவளிடம் பேசுவதில்லை.

போன மாதம் ஒருநாள் போன் செய்தான். "கோவண்டி கடையில பாக்கெட் ஒழுகுதுங்காங்க. நான் சொன்னா நம்புவியளோ என்னமோ. நீங்களே வந்து பாத்துக்கிடுங்க."

அன்னத்தாய் கையைக் கழுவிவிட்டுக் கிளம்பினாள். பாக்கெட் ஒழுகத்தான் செய்தது.