துரியோதனன் முகம்

ஏரி மண்ணில் தண்ணீர் விட்டு வெயிலில் மிதிக்கும்போது ஒரு வாசனை எழும். மீனும் கோரையும் பழைய சேறும் கலந்த வாசனை. அனந்தபுரம் பக்கத்தில் எங்கள் ஊரில் அந்த வாசனை வந்தால் திரௌபதி அம்மன் திருவிழா முடியப்போகிறது என்று அர்த்தம். கோயிலுக்கு எதிரே இருந்த தரிசில், எங்கள் தெருவின் நான்கு வீடுகளைச் சேர்த்துப் போட்ட நீளத்துக்கு ஒரு துரியோதனனை மண்ணால் செய்து மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். அதற்குப் பெயர் 'படுகளம்'. சாயங்காலம் கூத்துக்காரர் பீமன் வேடத்தில் வந்து அவன் தொடையில் அடிப்பார், அங்கே புதைத்த பானை உடைந்து குங்குமத் தண்ணீர் வழியும், பாஞ்சாலி கூந்தலை முடிவாள், அதற்குப் பிறகு ஊரே அந்த உடம்பின் மேல் ஏறி ஆளுக்கு ஒரு பிடி மண்ணை வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போகும்.

என் அண்ணன் ஏழுமலைக்கு மூன்று வயதில் அம்மை போட்டு இரண்டு கண்ணும் போய்விட்டன. அதைப் பற்றி வீட்டில் யாரும் பெரிதாகப் பேசியதில்லை. பேச நேரம் இருந்ததில்லை. அம்மாவும் அப்பாவும் கூலிக்குப் போனார்கள், அண்ணன் வீட்டில் உட்கார்ந்து 'மல்லாட்டை' என்கிற வேர்க்கடலை உடைத்தான், நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுக் களை எடுக்கப் போனேன். சொத்தைப் பருப்பைப் பிரிப்பதில் கண் உள்ளவர்கள் அவனிடம் தோற்றார்கள். அப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு அவன் ஒவ்வொரு வருடமும் படுகளத்தின் ஓரத்தில் நின்று என்னைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

"மொகம் எப்பிடி பாப்பா இருக்குது?"

"பெரிய மீசைண்ணா."

"மீசை இருக்கட்டும். கோவமா இருக்கானா, அழுவுறானா?"

"மல்லாக்கப் படுத்துக்கினு இருக்கான்."

"உன்னக் கேட்டதுக்கு மல்லாட்டையக் கேட்டிருக்கலாம்."

நான் பள்ளிக்கூடத்தை விட்ட வருடம், மண் சுமக்க ஆள் போதவில்லை என்று அம்மாவைக் கூப்பிட்டார்கள். ஒரு பகல் முழுக்க ஏரியிலிருந்து கூடை கூடையாகத் தலையில் சுமந்தாள். மறுநாள் துரியோதனனைச் செய்து முடித்தவர்கள் பந்தியில் உட்கார்ந்த நேரம் பார்த்து அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

கால் கட்டைவிரலில் தொடங்கினான். பருப்பின் மேல்தோல் உரியாமல் பார்க்கிற அதே கை, எங்கும் அழுத்தவில்லை. "நகங்கூட வெச்சிருக்காங்க பாப்பா" என்றான். முழங்கால், தொடை, இடுப்புக் கச்சை என்று பக்கவாட்டில் நடந்துகொண்டே வந்தவன், நெஞ்சில் கிடந்த மாலையை ஒவ்வொரு மணியாகத் தொட்டுப் பார்த்தான். "இம்மாம் பெரிய ஆளா? நீ சொல்லவே இல்லியே." நான் பலமுறை சொல்லியிருந்தேன். நான் சொன்னதில் எதுவும் அவனிடம் போய்ச் சேரவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

கழுத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது தர்மகர்த்தா வந்துவிட்டார்.

"எவன்டா அவன்? கண்ணு தெரியாதவனுக்கு இங்க இன்னாடா வேடிக்கை?"

"பாத்துக்கினு இருக்கேனுங்க" என்றான் அண்ணன், கையை எடுக்காமல். "இன்னும் மொகத்துக்குப் போவலிங்க."

"மூக்கு ஒடைஞ்சா யாருடா பதில் சொல்றது?"

"சாயங்காலம் ஊரே ஏறி மிதிக்கப் போவுதுங்களே."

பந்தியில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவர் அடித்தார் என்று நினைக்கிறேன். கன்னத்தில் ஒன்று வைத்து, மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினார். ஓடி வந்த அம்மா "சாமி காரியத்துல உனக்கு இன்னாடா வேலை" என்று அண்ணனைத்தான் திட்டினாள். திட்டாவிட்டால் மறுநாள் அவளுக்குக் கூலி வேலை கிடைத்திருக்காது.

சாயங்காலம் பானை உடைந்தது. மண் அள்ளும் நெரிசலில் ஒருவன் அண்ணன் கையில் ஒரு கட்டியைத் திணித்து, "இந்தாடா, இதான் துரியோதனன் மூக்கு, நல்லாப் பாத்துக்கோ" என்றான். சுற்றி இருந்தவர்களுக்கு அது நல்ல தமாஷ். அண்ணன் கட்டியை விரலால் நசுக்கிப் பார்த்தான். "இது எங்கம்மா தூக்கியாந்த மண்ணு" என்றான்.

அதற்குப் பிறகு நான் ஊரில் அதிகம் தங்கவில்லை. செங்கல் சூளை, பெங்களூரில் சித்தாள் வேலை, பொம்மையார்பாளையத்தில் விடுதி அறை பெருக்குவது என்று கால் போன பக்கமெல்லாம் போனேன். அண்ணன் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்து பிரெய்ல் படித்து, திண்டிவனத்தில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிறான். சென்ற வருடம் விழுப்புரத்தில் ஒரு சிற்பக் கண்காட்சி. பார்வையற்றவர்களும் ரசிக்கலாம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். இருவரும் பஸ் பிடித்துப் போனோம். சிலைகள் எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் பிரெய்லில் விளக்கம். அண்ணன் விரலை ஓட்டினான், திரும்பவும் ஓட்டினான். எந்தப் புள்ளியும் தட்டுப்படவில்லை. மேடாக இருக்க வேண்டிய பிரெய்ல் புள்ளிகளை மையால் பிளெக்ஸில் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள்.

"இது யாரு படிக்கிறதுக்குத் தம்பி?" என்று அங்கே நின்ற இளைஞரைக் கேட்டான்.

"உங்களுக்காகத்தான் சார். அப்படியே கை வெச்சிக்கினு இருங்க, ஒரு போட்டோ எடுத்துக்கிறோம்."

கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். பஸ் நிலையம் வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பிறகு, "ஊருக்குப் போலாம் வா பாப்பா. அந்த மொகத்தையாவது பாத்துட்டு வந்துடலாம்" என்றான்.

ஊரில் இப்போது மண் துரியோதனன் இல்லை. ஏரி மண்ணும் இல்லை, சுமக்க ஆளும் இல்லை என்று சிமெண்டில் நிரந்தரமாகச் செய்து, பெயிண்ட் அடித்து, சுற்றிலும் ஆள் உயரத்துக்குக் கம்பி வேலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். நூறு பேர் தடவினாலும் அந்த மூக்கு உடையாது. அன்று எங்களைத் தடுக்க ஒரு மனிதர் சாப்பாட்டை விட்டு எழுந்து வர வேண்டியிருந்தது. இன்று அந்தச் சிரமமும் யாருக்கும் கிடையாது. சாவி விழாக் குழுவிடம் இருந்தது. குழுவில் இருந்தவர் எங்களைவிட இளையவர், மரியாதையாகத்தான் பேசினார். "மனு எழுதிக் குடுங்கண்ணே, கூட்டத்துல வெச்சிச் சொல்றோம்."

அண்ணன் சொல்லச் சொல்ல, எனக்குத் தெரிந்த ஆறாம் வகுப்புத் தமிழில் எழுதினேன். நான் இந்த ஊரில் பிறந்தவன், என் தாய் இந்தப் படுகளத்துக்கு மண் சுமந்தவள், துரியோதனன் முகத்தை நான் தொட்டுப் பார்க்க வேண்டும், கதவைத் திறந்துவிடவும். அவ்வளவுதான் மனு. குழுக்காரர் படித்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பி நீட்டினார்.

"கருணை கூர்ந்துன்னு ஒரு வார்த்தை சேத்துடுங்கக்கா. அப்பத்தான் பெரியவங்க ஒத்துக்குவாங்க."

"அத மட்டும் எழுதாத பாப்பா" என்றான் அண்ணன்.

நான் எழுதவில்லை. மனு கொடுத்து எட்டு மாதம் ஆகிறது, பதில் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு நானும் அண்ணனும் போய் முன்வரிசையில் உட்காரப் போகிறோம். எங்களை யாரும் கூப்பிடவில்லை.