நான் போடாத பச்சை வயர்

மெஷின் ஓடினால் கன்ட்ரோலர் அருமை, நின்றால் வயரிங் மோசம்: எங்கள் தொழிலில் இதை மாற்ற எந்தக் கொம்பனாலும் முடிந்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எலெக்ட்ரிகல் டிப்ளமோவைக் கையில் வைத்துக்கொண்டு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். பழைய மெஷின்களுக்குப் புது கன்ட்ரோலர் மாட்டிக் கொடுப்பது எங்கள் வேலை. குறுக்கே ஒரு மோட்டார், நெடுக்கே ஒன்று, மேலும் கீழும் போக இன்னொன்று: ஒவ்வொரு திசையும் ஒரு அச்சு. ஒரு பக்கம் கன்ட்ரோலர், மறுபக்கம் மோட்டார்களும் சுவிட்சுகளும், நடுவில் ஒரு இன்டர்ஃபேஸ் பெட்டி. இரண்டு பக்கத்து வயரும் அதற்குள் வந்துதான் கைகோக்க வேண்டும். பெட்டி என் பொறுப்பு. ஆகவே பழியும் என் பொறுப்பு. இப்படி ஏதாவது ஒரு பெட்டிக்குள் தலையை விட்டபடி முதுகில் திட்டு வாங்கிய சகோதர சகோதரிகளே, இது உங்களுக்காக. ஒரே ஒரு மெஷினின் கதைதான். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆள் எங்கே?

அம்பத்தூருக்குப் பக்கத்தில், பாடியில் ஒரு தொழிற்சாலை. மூன்று அச்சு டிரில்லிங் மெஷின். டூல் பாக்ஸும் வயர்ச் சுருளுமாகப் போய் நின்றேன். புரொடக்‌ஷன் மேனேஜர் நடேசன் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. நாற்காலி போடச் சொன்னார், ஃபேனைத் திருப்பி வைத்தார், சோடா வரவழைத்தார். வயரிங் செய்யும் ஆள் வரும்வரை நான் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். சோடாவைக் குடித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன்.

டார்ச் பிடித்து உதவியவர் ஆபரேட்டர் ஸ்டீபன். திருநின்றவூரிலிருந்து ரயிலில் வருகிறவர், வீட்டில் கைக்குழந்தை. அந்தத் தொழிற்சாலையில் என்னைப் பார்த்து வணக்கம் சொன்ன ஒரே மனிதர். சாயங்காலத்துக்குள் மூன்று அச்சும் சொன்ன இடத்துக்குப் போய் நின்றன. நடேசன் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு என் கண்ணெதிரே என் முதலாளிக்குப் போன் போட்டார்: “பொண்ணு வந்து கட்டிட்டுப் போச்சு சார். ஆம்பள ஆள் யாரையாச்சும் அனுப்பி ஒருதரம் செக் பண்ணிக் குடுத்துடுங்க.”

பின்னுக்குள் சந்தனம்

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் அழைப்பு வந்தது. “உங்க மெஷின் தறிகெட்டு ஓடுது.” வாங்கும்போது அவர்கள் மெஷின், கெட்டால் என் மெஷின்.

போய்ப் பார்த்தால், மெஷினைக் குளிப்பாட்டி, கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனம், குங்குமம் அப்பியிருந்தார்கள். மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று எண்ணிச் சொல்லும் என்கோடரின் பிளக்கைக் கூடக் கழற்றி, உள்ளே ஒரு பொட்டு. சந்தனம் பின்னுக்குள் காய்ந்து கிடந்தது. கணக்குத் தப்பி, துளை போடும் இரும்பைத் தாங்கும் மேஜை கடைசிவரை ஓடி, முனையில் முட்டி நின்றுகொண்டிருந்தது. எனக்கும் சாமிக்கும் சண்டை இல்லை. என் ஸ்க்ரூ டிரைவருக்கு நானும்தான் பொட்டு வைக்கிறேன். ஸ்பிரிட்டும் பிரஷ்ஷுமாக ஒவ்வொரு பின்னையும் துடைத்துவிட்டு, “அடுத்த வருஷம் மூடிமேல மட்டும் வைங்க சார்” என்றேன். அத்தனை தொழிலாளிகளும் திரும்பிப் பார்க்கும்படி நடேசன் கேட்டார்: “அப்போ சாமி கும்பிட்டதாலதான் மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்ற, அதானேம்மா?”

பச்சை வயர்

அன்றைக்கே பெட்டிக்குள் இன்னொன்றையும் பார்த்தேன். ஒரு சாண் நீளத்தில் பச்சை வயர். நான் பச்சை போடவே இல்லை.

எமர்ஜென்சி பட்டன், மெஷினை மூடும் கதவின் சுவிட்ச், ஒவ்வொரு அச்சின் முனையிலும் இருக்கும் லிமிட் சுவிட்ச் எல்லாவற்றையும் ஒரே வரிசையாக நீல வயரில் கோத்திருந்தேன். எங்கே அறுந்தாலும் மோட்டார்களுக்குக் கரன்ட் நின்றுவிடும். அந்த வரிசையின் தலையையும் வாலையும் பச்சை வயரால் முடிச்சுப் போட்டுவிட்டால், கதவைத் திறந்தாலும் மெஷின் ஓடும். சிவப்பு பட்டனை ஓங்கிக் குத்தினாலும் ஓடும். எஸ்டேட் முழுக்க இது வழக்கம். யாரும் இதைத் திருட்டுத்தனமாகக் கூடச் செய்வதில்லை, பகிரங்கமாகத்தான்.

அவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது. துளை போடும்போது உதிரும் இரும்புச் சுருளை எடுக்க அடிக்கடி கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் மெஷின் நிற்கும். திரும்ப ஆரம்பிக்க மூன்று அச்சும் முதல் இடத்துக்குப் போய் வர வேண்டும். அதில் உற்பத்தி குறையும். அதற்கும் வழி சொன்னேன். கதவுக்குத் தனியாக ஒரு ரிலே போட்டால், திறந்ததும் அச்சுகள் அப்படியே நிற்கும், மூடியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அரை நாள் மெஷினைக் கொடுங்கள் போதும் என்றேன். நடேசன் அரை ராஜ்ஜியத்தைக் கேட்டதுபோல் பார்த்தார். கோபத்தில் பச்சை வயரைப் பிடுங்கி எறிந்தேன். அவருக்குத் துளிக்கூடக் கோபம் வரவில்லை. “எறிங்க மேடம். நீங்க பஸ் ஏறுனதும் நாங்க போட்டுக்கறோம்.”

முதலாளி சொன்னது

முதலாளியிடம் போய்க் கத்தினேன். யாராவது உள்ளே கையை விட்டு அடிபடுவார்கள், எழுத்து மூலமாக எச்சரிப்போம் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. என்னை வேலைக்கு எடுத்தவர், ஆம்பளை ஆள் அனுப்பச் சொன்னபோது திரும்ப என்னையே அனுப்பியவர். ஆனால் அடுத்த மெஷினும் அதே தொழிற்சாலையிலிருந்து வரவேண்டியிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: “நாம வயரிங் பண்றவங்கம்மா, போலீஸ் இல்ல.”

அதுவும் வயர்தானே

அடுத்த அழைப்பு வந்தபோது ஸ்டீபனின் வலது கையில் இரண்டு விரல்கள் போயிருந்தன. கதவைத் திறந்து சுருளை எடுக்கும்போது மேஜை நகர்ந்திருக்கிறது. இடது கையால் சிவப்பு பட்டனை அடித்திருக்கிறார். திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார். அது நிற்கவில்லை.

“உங்க எமர்ஜென்சி வேலை செய்யல” என்றார் நடேசன். பட்டனை அழுத்தினேன். மெஷின் நின்றது. கதவைத் திறந்தேன். நின்றது. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, இரண்டு விரல் தாமதமாக. பெட்டியைத் திறந்தேன். அவசரமாகக் கழற்றியவர்கள் கைதவற விட்டிருக்க வேண்டும், பச்சை வயர் அடியில் கிடந்தது. அதை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். கண் இமைக்காமல் சொன்னார்: “அதுவும் வயர்தானேம்மா? உங்க பெட்டிக்குள்ளதானே இருந்துச்சு?”

அரை நாள் தரமாட்டேன் என்றவர்களின் மெஷின், விசாரணை அது இதுவென்று நாள் கணக்கில் நின்றது. அந்தச் சமயத்திலாவது ரிலேயைப் போட்டுவிடுகிறேன் என்று கெஞ்சினேன். விசாரணை முடியும்வரை கை வைக்கக்கூடாது என்றார்கள். முடிந்ததும், ஏற்கெனவே நின்றது போதும் என்றார்கள்.

ஸ்டீபன் சொன்னது

சில மாதம் கழித்து, வேறொரு மெஷினுக்காக அதே தொழிற்சாலைக்குப் போனேன். ஸ்டீபன் பழைய மெஷினிலேயே நின்றிருந்தார். மீதி விரல்களால் டிரில் பிட் மாட்டிக்கொண்டிருந்தார். குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டதாம். சிரித்துக்கொண்டே சொன்னார்.

மனசு கேட்காமல் பெட்டியைத் திறந்தேன். பச்சை வயர். புத்தம் புதுசு, இரண்டு முனையும் இறுக்கமாக முடுக்கியிருந்தது. வாயில் வந்த அத்தனை வசவையும் தயார் செய்துகொண்டு நடேசனின் அறையைப் பார்த்து நடந்தேன். ஸ்டீபன் ஓடிவந்து குறுக்கே நின்றார். அந்தக் கையை நீட்டித்தான் மறித்தார்.

“அவரு மேல பாயாதக்கா, நான்தான் போட்டுகினேன். மிசினு நின்னு நின்னு போனா, ரெண்டு வெரலு இல்லாதவன எவன்க்கா வேலைக்கு வெச்சுக்குவான்?”

அந்தத் தொழிற்சாலையில் நான் போட்ட எல்லா வயர் மேலும் புகார் வந்திருக்கிறது. யாரும் ஒரு குறையும் சொல்லாத ஒரே வயர், நான் போடாத அந்தப் பச்சை வயர்தான்.