மஞ்சுவின் முட்டைகளும் சலூன் துணியும்

திருப்போரூரில் நான் கிளினிக் வைத்திருந்த நாட்களில், ஒரு காலை முதல் கேஸாக வந்தது ஒரு பிளாஸ்டிக் வாளி. தூக்கி வந்தவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் சலூன் வைத்திருக்கும் குமார். உள்ளே துண்டில் சுற்றிய பெரிய ஓணான் ஒன்று, கழுத்தெல்லாம் முள். பியர்டட் டிராகன். படத்தில்தான் பார்த்திருந்தேன். நான் மாட்டுக்கும் ஆட்டுக்கும் பிரசவம் பார்த்தே காலம் தள்ளியவள்.

“பொத்தேரி காலேஜ்ல படிச்ச பையன் ஒர்த்தன், ஊருக்குப் போறப்போ நம்ம கடைல வுட்டுட்டுப் போய்ட்டாம்மா. பேரு மஞ்சு. துன்னவே மாட்டேங்குது. கண்ணாடித் தொட்டிய பிராண்டிகினே கீது.”

வயிற்றை மெதுவாகத் தடவினேன். திராட்சைக் கொத்துபோல உருண்டை உருண்டையாகத் தட்டுப்பட்டது.

“முட்டைப்பா.”

“இன்னாம்மா சொல்றீங்க? ஆம்பளையே கெடையாதே. ஒண்டியாத்தான் கீது.”

“பண்ணைக் கோழி சேவல் வெச்சிக்கினா முட்டை போடுது? கரு இருக்காது, முட்டை வரும். தோண்டிப் போட எடம் இல்லாம அடக்கி வெச்சிருக்கு.”

“அடக்கி வெச்சா?”

“செத்துப்போயிடும்.”

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. குமார் வாளியைக் கட்டிக்கொண்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

சென்னையில் ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் என் வகுப்புத் தோழிக்குப் போன் போட்டேன். கால்சியம் கொடு, வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வை, தொட்டியில் ஈர மணலை ஆழமாக நிரப்பு, மேலே ஹீட் லாம்ப் இருக்கட்டும் என்றாள். “அப்பவும் போடலன்னா வயித்தத் தெறக்கணும்டி. தாங்குமான்னு சொல்ல முடியாது.” அதையும் குமாரிடம் மறைக்காமல் சொன்னேன்.

மறுநாள் அவரே போன் செய்தார். “தோண்டுதும்மா. பாதில வெளிய வந்துடுது. பின்னங்கால இழுத்துகினு நடக்குது.”

மதியம் கடைக்கே போனேன். வாசலிலேயே விஷயம் புரிந்துவிட்டது. பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் மஞ்சுவின் தொட்டி. அதைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் செல்போனைத் தொட்டிக்குள்ளேயே நீட்டிக்கொண்டிருந்தார். ரேடியோ அலறியது. மஞ்சு மணலில் தலையை விடுவதும், வெளியே எடுத்து எல்லாரையும் பார்ப்பதுமாக இருந்தது. கத்தரிக்கோலும் கையுமாகக் குமாரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“ஏம்பா, உங்க வூட்டு மாடு கன்னு போடறப்போ தெருவையே கூப்ட்டு காட்டுவியா?”

“இல்லம்மா. கோணி கட்டி மறைச்சிடுவோம். கண்ணு பட்டுடும்ல.”

“இதுக்கு யாரு கட்டறது?”

குமார் நாற்காலியில் இருந்தவர்மேல் போர்த்தியிருந்த துணியை உருவினார், முடியை உதறினார், பல்பில் படாமல் தொட்டியைச் சுற்றிக் கட்டினார். ரேடியோவை அணைத்தார். “அண்ணாத்த, போன உள்ள வெய்யி” என்று செல்போன்காரரை வெளியே அனுப்பினார். பாதி வெட்டிய தலையோடு இருந்தவர் சட்டையெல்லாம் முடியாக உட்கார்ந்திருந்தார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். துணிக்குப் பின்னால் மணல் சரசரத்தது, நின்றது, மறுபடி சரசரத்தது. குமார் துணியை விலக்கப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

சாயங்காலம் ஓரமாக விலக்கிப் பார்த்தோம். வயிறு ஒட்டிப்போய், மூக்கால் மணலைத் தள்ளிக் குழியை மூடிக்கொண்டிருந்தது மஞ்சு.

“குஞ்சு வருமாம்மா?”

“வராதுப்பா.”

“பரவால்ல. அவ நல்லா கீறாளே, அது போதும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு கிளினிக்கையே மூடிவிட்டேன். பினாயில் வாசனை, வாசலில் மணி ஆட்டும் மாடுகள் எல்லாம் இப்போதும் நினைவுக்கு வந்து படுத்துகின்றன. புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஊசியை எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த உயிர் இருக்கும் இடத்தை ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள்.

போன மாதம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனவள் சலூனில் நுழைந்தேன். உள்ளே கூட்டம். ஆனால் ரேடியோ இல்லை, பேச்சு இல்லை, கத்தரிக்கோல் சத்தம் மட்டும். “இன்னாப்பா குமாரு” என்று ஆரம்பித்தேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் ஒன்றாகத் திரும்பி என்னை முறைத்தார்கள்.

“மெதுவாம்மா, மறுபடி முட்ட,” என்றார் குமார், தொட்டிப் பக்கம் கண்ணைக் காட்டி. அதைச் சுற்றித் துணி கட்டியிருந்தது.

சத்தம் போடாமல் நானும் பெஞ்சில் உட்கார்ந்தேன்.